ஏழு சரணமும் பாடணும்

உக்காருங்க உபதேசியாரே. வாசல்ல நின்னு பேசுத பழக்கம் இந்த வீட்டுல கிடையாது. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. சுக்குக் காப்பி போட்டு வச்சிருக்கேன், வேண்டாம்னு சொல்லாதிய. இந்த ஊருச் சபைக்கு வந்து மூணு மாசத்துல எல்லா வீட்டுலயும் குடிச்சிட்டிய, எனக்குத் தெரியும். செல்லக்கனி வீட்டுல ரெண்டு தடவ.

முதல்ல அவுகளுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிருங்க. அந்தா, ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலில இருக்காவல்லா, எங்க வீட்டு அவுக. பேரு அருமைநாயகம். இந்த ஊரு போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவுக. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. கை கால் தேறிட்டு, பேச்சு மட்டும் திரும்பல. ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கு, 'சரி'ன்னு. நாப்பத்திமூணு வருஷக் குடித்தனத்துல நான் சொன்னதுக்கு ஒரு தடவ சரின்னு சொன்னதில்ல. இப்ப எதைக் கேட்டாலும் சரிதான். கேட்டியளா, உங்களுக்கும் சொல்லிட்டாவ. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டாரு, ஆனா முழுசாக் கேக்காம பாதியில எந்திரிச்சிப் போயிட்டாருன்னு நினைச்சிக்கிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வாறேன். நோட்டை மூடாதிய. கிறிஸ்மசுக்கு வீடு வீடாப் பாடப் போற கேரல் ரவுண்ட்ஸ் லிஸ்டுதான? திருப்பி வைக்க வேண்டாம், தலைகீழா இருந்தாலும் வாசிப்பேன். முப்பத்தஞ்சு வருஷம் டீச்சர். பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் எழுதுததைத் திருத்தினவ. நாப்பத்தொண்ணு, செல்லக்கனி. நாப்பத்திரெண்டு, வேதக்கண். ஏன் உபதேசியாரே, செல்லக்கனி வீட்டுக்கும் வேதக்கண் வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? காலி மனையா? நாம ரெண்டு பேரும் காலி மனையில உக்காந்தா காப்பி குடிக்கோம்?

ஓ, நீங்களா எழுதலையா? கோல்டுவின் சொல்லச் சொல்ல எழுதுனியளா? அப்படிச் சொல்லுங்க.

கோல்டுவின் பாடகர் குழு லீடரு இப்பதான். ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் என் கிளாசு. அவனுக்கு ஆனா ஆவன்னா கையைப் பிடிச்சு எழுத வச்சது நான். அவன் மட்டுமா? குழுவுல முப்பத்தொரு பேரு இருக்கான்னா இருபத்தாறு பேரு என்கிட்ட படிச்சவன். என் மேல அவ்வளவு மரியாதை அந்தப் பிள்ளையளுக்கு. நான் எதுத்தாப்ல வாறதைப் பாத்தா ரோட்டை விட்டு இறங்கி முடுக்குச் சந்துல பூந்துருவானுவ. டீச்சருக்கு முழு ரோட்டையும் விட்டுருவானுவ. இந்தக் காலத்துல யாரு அப்படி விடுதா, சொல்லுங்க.

அந்த மரியாதைக்காரப் பிள்ளையளுதான் போன வருஷம் என் வீட்டை விட்டுட்டுப் போனானுவ. எப்படிப் போனானுவன்னு கேளுங்க.

டிசம்பர் இருபத்திரெண்டு. எங்க தெருவுக்கு வரப் பத்து மணி ஆகும்னு தெரியும். நான் சாயந்தரமே அவுகளுக்கு வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். சேவிங் பண்ணி, பவுடர் போட்டு, ஜன்னல் பக்கம் உக்கார வச்சாச்சு. வாசல்ல நாப்பது நாற்காலி. எல்லா லைட்டும் போட்டாச்சு. உளுந்து அரைச்சு வச்சாச்சு, எண்ணெய் அடுப்புல காயுது. தெருமுனையில டிரம் சத்தம் கேக்குது. செல்லக்கனி வீட்டுல ஒரு பாட்டு, ரெண்டு நிமிஷம், முடிஞ்சிட்டு. நான் சேலை முந்தானையைச் சரி பண்ணிட்டு நிக்கேன். அவுக தலையைத் தூக்கிப் பாக்காவ.

சடார்னு எல்லாம் ஆஃப். ஜெனரேட்டர் ஆஃப், ஸ்டார் லைட்டு ஆஃப், டிரம் ஆஃப். என்னடான்னு ஜன்னல் வழியாப் பாத்தா, அந்தச் சின்ன லோடு வண்டி, குட்டி யானைன்னு சொல்லுவாவல்லா, அதை நியூட்ரல்ல போட்டுப் பன்னிரெண்டு பேரு தள்ளிட்டுப் போறான். டிரம்மரு டிரம்மைப் பிள்ளை மாதிரி நெஞ்சோட அணைச்சிருக்கான். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட ராபின்சன், கையில ஆட்டுத மணிக்குள்ள நாக்கு இருக்கும்லா, அதைக் கைக்குள்ள பிடிச்சிக்கிட்டு நடக்கான். பொம்பளப் பிள்ளையளு செருப்பைக் கழட்டிக் கையில வச்சிருக்கு.

எனக்கு மனசு கேக்கல. ஐயோ பாவம், வண்டி ரிப்பேரு, ராத்திரி நேரத்துல பிள்ளையளு தள்ளிட்டுப் போறாவளேன்னு வாசலுக்கு ஓடி, "எலே, வண்டி ரிப்பேரா? உள்ள வாங்கலே"ன்னு ஒரு சத்தம் போட்டேன். என் சத்தம் கேட்ட உடனே பிள்ளையளுக்கு எங்க இருந்துதான் பலம் வந்துதோ. எங்க வீட்டு முன்ன மேடு, பாத்திருப்பிய. அந்த மேட்டுல அவ்வளவு வேகமா வண்டியைத் தள்ளி நான் பாத்ததே இல்ல. தாத்தா தலையணை வயித்தை வச்சே தள்ளுதான்.

வேதக்கண் வீட்டு வாசல் வந்ததும் ரிப்பேரு தன்னால சரியாயிட்டு. ஜெனரேட்டர் ஓடுது, ஸ்டார் எரியுது, பாட்டு தூள் பறக்குது. நான் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல கோல்டுவினைப் பிடிச்சேன். "என்னலே, வண்டிக்கு என்ன?" "ஆமா டீச்சர், உங்க வீட்டு முன்ன வந்ததும் ஆஃப் ஆயிட்டு டீச்சர்." "சரி, வண்டிதான ஆஃப் ஆச்சு, உங்க வாய் என்ன ஆச்சு?" "நீங்க தூங்கியிருப்பியளோன்னு டீச்சர்." நாப்பது நாற்காலியைப் போட்டு, வீடு முழுக்க லைட்டைப் போட்டு, அடுப்புல எண்ணெயைக் காய வச்சிட்டு எவளாவது தூங்குவாளா உபதேசியாரே? அவன் தரையைப் பாத்துட்டு நிக்கான். மூணாப்புல கணக்கு நோட்டைத் தொலைச்சிட்டு நின்ன அதே நிப்பு.

எனக்குக் காரணம் தெரியும். நான் ஒண்ணும் விவரம் இல்லாதவ இல்ல. வடைதான் காரணம்.

அதுக்கு முந்தின வருஷம் வந்து பாடினானுவல்லா, அன்னைக்கு உளுந்த வடையில உப்பு கூடிப்போச்சு. நான் மறுநாள்தான் வாயில வச்சுப் பாத்தேன், கரிக்குது. ராபின்சன் முகமூடியைத் தூக்கி வச்சிட்டு நாலு தம்ளர் தண்ணி குடிச்சான், அப்பமே நான் சுதாரிச்சிருக்கணும். ஒரு உப்பு வடைக்காக ஒரு வீட்டையே ஒதுக்குவாவளான்னு நீங்க கேக்கலாம். இந்த ஊர்ல ஒதுக்குவாவ. சாப்பாட்டு விஷயத்துல மன்னிப்பே கிடையாது. அதான் இந்த வருஷம் பூரா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வடை போட்டுப் பழகியிருக்கேன். அவுகளைத்தான் ருசி பாக்கச் சொல்லுவேன். உப்பு சரியா இருக்கான்னா சரின்னு சொல்லுவாவ. அதுல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, இருந்தாலும் கேப்பேன்.

செல்லக்கனி வேற ஒண்ணு சொல்லுதா. "அக்கா, வடையில்லக்கா. நீங்க பிள்ளையள ரெண்டு மணி நேரம் பிடிச்சு வச்சிட்டிய, அதான் பயப்படுதாவ"ங்கா. அவளுக்கு எப்பவுமே எதையும் பெருசாச் சொல்லுத குணம். ரெண்டு மணி நேரம் ஒண்ணும் இல்ல. ஒண்ணே முக்கால்.

என்னதான் அப்படிச் செஞ்சிட்டேன், நீங்களே சொல்லுங்க. ஏழு சரணமும் பாடச் சொன்னேன். முடிஞ்சதும் இன்னொரு தடவ ஏழும் பாடச் சொன்னேன். அப்புறம் ஒரு ஜெபம். ஆளுக்கு ஒரு வசனம் சொல்லச் சொன்னேன். கிறிஸ்மஸ் சமயத்துல ஒரு வசனம் சொல்லக் கூடாதா? பாதிப் பேருக்கு "இயேசு கண்ணீர் விட்டார்"ங்க பைபிள்லயே சின்ன வசனத்தைத் தவிர வேற ஒண்ணும் தெரியல, பதினாலு பேரு அதையே சொன்னான். பிறகு யாரு யாரு என்ன படிக்கிய, எப்பக் கல்யாணம்னு ரெண்டு வார்த்தை விசாரிச்சேன். ராபின்சன்கிட்ட ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். முகமூடியோடயே சொன்னான், ஏழெட்டுல நின்னுட்டான், அவன் எப்பவும் அங்கதான் நிப்பான். பிறகு வடை. இதுல எது அதிகம்? ஒருத்தன் ஸ்டார் கம்பைப் பிடிச்சிட்டே தூங்கிட்டான், அது அவன் வீட்டு வளர்ப்பு.

ஏழு சரணம் எதுக்குன்னு கேக்கியளா? அந்தப் பாட்டு உங்களுக்கு முன்ன, முன்ன, ரொம்ப முன்ன இந்த ஊருக்கு வந்த முதல் உபதேசியார் மதுரநாயகம் எழுதினது. வேற எந்த ஊர்லயும் கிடையாது. முதல் சரணம் தேவதூதர், ரெண்டாவது ஆயர், மூணாவது நட்சத்திரம் பாத்து வந்த சாஸ்திரிமார், நாலாவது இடம் இல்லன்னு சொன்ன சத்திரக்காரன், அஞ்சாவது தொழுவத்து மாடு, ஆறாவது பிள்ளையளக் கொன்ன ஏரோது ராஜா, ஏழாவது நாம. ஏழாவது வராம நிறுத்துனா நமக்கும் கிறிஸ்மசுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிரும். இவுக வீட்டுல எங்க மாமனார் காலத்துல இருந்து ஒரு வழக்கம். பஜனை வந்தா ஏழும் பாடணும். கேரல்னு இப்பதான் சொல்லுதிய, அப்பல்லாம் பஜனைதான். அரைப் பாட்டுப் பாடிட்டு கையை நீட்டுனா எங்க மாமனார் காணிக்கையையும் பாதியாத்தான் போடுவாவ.

எம்பத்திநாலு வீடு, ரெண்டு ராத்திரி, அஞ்சு நிமிஷம் ஒரு வீட்டுக்குன்னு நீங்க கணக்குச் சொல்லுதிய. எனக்கே கணக்கா? நான் பேரம் பேசத் தயார். எழுதிக்கோங்க.

வசனம் கேக்க மாட்டேன். விட்டாச்சு. வாய்ப்பாடு, கல்யாணம், மார்க்கு, எதுவும் கேக்க மாட்டேன். ராபின்சன் என் முன்னால நின்னாலும் வானத்தைப் பாத்துக்கிடுவேன். ஜெபம் நீங்க பண்ணுங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா நானே ஆமென் சொல்லிருவேன். வடையை உக்காந்து திங்க வேண்டாம், இலையில மடிச்சு வண்டியில ஏத்தி விடுதேன். நாற்காலியே போட மாட்டேன், நின்னுக்கிட்டுப் பாடட்டும். போதுமா? இவ்வளவு இறங்கி வந்திருக்கேன், கோல்டுவின்கிட்டச் சொன்னா நம்பவே மாட்டான்.

சரணத்துக்கு வாங்க. ஏழு வேண்டாம்னா ஆறு. ஏரோதை எடுத்துருங்க, அவன் இல்லாட்டி யாருக்கும் நட்டம் இல்ல. இன்னும் குறைக்கணுமா? சரி, மாடும் போகட்டும். என்ன தலையை ஆட்டுதிய? நாமளும் போகணுமா? மாமனார் கேட்டா என்ன சொல்லுவாவன்னு தெரியல. சரி, போங்க. நாலு. நாலுக்குக் கீழ ஒரு அடி இறங்க மாட்டேன் உபதேசியாரே.

மூணா? முடியாது. மூணு முடியவே முடியாது. நாலாவது மட்டும்னாலும் முடியாது. மூணு பாடினாத்தான் நாலு வரும்.

ஏன்னு கேக்காதிய. அது எங்க வீட்டு விஷயம்.

காப்பி ஆறுது, குடிங்க. இனிப்பு போதுமா?

இங்க பாருங்க உபதேசியாரே, நான் சொல்லுதது இந்த நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது. நாலாவது சரணத்துல பொம்பளைக நிறுத்திருவாவ. ஆம்பளைக கீழ்க்குரல் மட்டும்தான். இந்த ஊர்ல நாப்பது வருஷம் அந்தக் கீழ்க்குரல் இவுகதான். தபால் பையை இறக்கி வச்சிட்டு நேரா பஜனைக்குப் போவாவ. அவுக நாலாவது சரணம் எடுத்தா, தெருவுல நாய் கூடக் குரைப்பை நிறுத்தும். நான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சதே அதைக் கேட்டுத்தான். இது அவுகளுக்கே தெரியாது. இப்பத் தெரிஞ்சிட்டு. பாருங்க, சரின்னு சொல்லுதாவ.

ஸ்ட்ரோக் வந்த வருஷம் கிறிஸ்மசுக்குப் பிள்ளையளு வந்து பாடினானுவ. நான் இவுக நாற்காலிக்குப் பக்கத்துல நிக்கேன். முதல் சரணம், ஒண்ணும் இல்ல. ரெண்டாவது, கால் பெருவிரல் லேசா ஆடுது. கோல்டுவின் பாட்டை முடிக்கப் போனான், நான் "பாடுலே, ஏழும் பாடு"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். மாமனார் வழக்கம்லா, அதுக்காகத்தான் சொன்னேன், வேற ஒண்ணும் நினைச்சுச் சொல்லல. மூணாவது முடிஞ்சு பல்லவி வந்துது. அப்ப இந்த நாற்காலில இருந்து குரல் வருது உபதேசியாரே. வெறும் சத்தம் இல்ல, வார்த்தை. நாலாவது சரணம், ஒரு எழுத்துப் பிசகாம. நாலு மாசமா "தண்ணி"ன்னு கேக்க முடியாம அழுத மனுஷன்.

வெளிய கீபோர்டு, டிரம், முப்பது தொண்டை. ஒருத்தருக்கும் கேக்கல. நான் மட்டும்தான் கேட்டேன். மெய்யாவே கேட்டேனா, என் ஆசைதான் காதுல விழுந்துதான்னு எனக்குச் சந்தேகம். அதான் இன்னொரு தடவ பாடச் சொன்னேன். ரெண்டாவது தடவயும் வந்துது. பாட்டு நின்னதும் நின்னுட்டு. அப்புறம் எனக்கு என்ன செய்யன்னு தெரியல. என்ன செய்யன்னு தெரியாத நேரத்துல நான் வாய்ப்பாடு கேப்பேன். முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். அந்தத் தடுமாத்தத்துலதான் மாவுல ரெண்டாவது தடவ உப்பை அள்ளிப் போட்டிருப்பேன்.

நானும் வீட்டுல பாடிப் பாத்தேன். என் குரலைக் கேட்டதும் அவுக "சரி சரி"ன்னு கையை ஆட்டுதாவ, நிறுத்துன்னு அர்த்தம். எங்க பையன் பெங்களூர்ல இருந்து போன்ல பாட்டு அனுப்பினான். அது வேற ஏதோ பாட்டு, இந்தப் பாட்டு போன்ல எங்க கிடைக்கும்? அவுக போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்கிட்ட நீட்டிட்டாவ.

கோல்டுவின்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு கேக்கிய. சொன்னா வருவான். பாவம் டீச்சர்னு நினைச்சிக்கிட்டு வருவான். என்கிட்ட அடி வாங்கின பையன் என்னைப் பாவம்னு பாக்க நான் விட மாட்டேன். போன வருஷம் வண்டி மேட்டைத் தாண்டிப் போனப்ப இவுக அந்த வெள்ளைச் சட்டைப் பட்டனைத் தடவிக்கிட்டே விடிய விடிய ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாவ. நான் அடுக்களையில போய் அழுதேன். அப்பவும் சொல்லல.

எழுதிட்டியளா? நாப்பத்தொண்ணு ஏ. பரவாயில்ல, ஏ-ன்னாலும் நம்பர் நம்பர்தான். எமீமாள் டீச்சர்னு என் பேரைப் போடாதிய, அந்தப் பேரைப் பாத்தா மறுபடி வண்டி ரிப்பேராயிரும். அருமைநாயகம்னு போடுங்க.

எதுக்கு நோட்டைப் புரட்டுதிய? பாட்டு அதுல இருக்கா? காட்டுங்க. கோல்டுவின் கையெழுத்துதான், இன்னும் கோழி கிளறின மாதிரிதான் எழுதுதான். மூணு சரணத்தோட நிறுத்திட்டான் பாத்தியளா. மீதி நாலும் இப்ப இந்த ஊர்ல எவன்கிட்டயும் எழுத்துல இல்ல. அன்னைக்கு நான்தான் இந்த ஜன்னல்ல நின்னு வரி வரியாச் சொல்லிக் கொடுத்துப் பாட வச்சேன்.

பாடிப் பாக்கட்டுமாவா? இப்பவா? பகல் பதினோரு மணிக்கா? வேண்டாம் உபதேசியாரே. வரலைன்னா என்ன செய்ய? அவுக அன்னைக்குப் பாடி ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இப்ப வராமப் போயிட்டுன்னா அப்புறம் இருபத்திரெண்டாம் தேதி வரைக்கும் நான் எதைப் பிடிச்சிக்கிட்டு இருக்க? எனக்குப் பயமா இருக்கு, மெய்யாச் சொல்லுதேன்.

அவுககிட்டக் கேக்கியளா? அவுக சரின்னுதான் சொல்லுவாவ. வேற என்ன சொல்லுவாவ.

சரி, பாடுங்க. நீங்க ஞாயித்துக்கிழமை மைக்குல பாடுதது சுமார்தான், இருந்தாலும் பாடுங்க. எந்திரிச்சு நில்லுங்க. உக்காந்து பாடுத பாட்டு இல்ல அது.

இன்னும் கொஞ்சம் கீழ எடுங்க. ஆங், அதான். "வைக்கோல் மேலே வந்தீரோ"ல அந்த 'ரோ'வை இழுக்கணும். மதுரநாயகம் உபதேசியார் இழுத்துதான் வச்சிருக்காரு. நான் குறுக்க பேசல, நீங்க பாடுங்க.

ரெண்டாவது. பெருவிரலைப் பாருங்க. பாக்காதிய, பாடுங்க.

ஏன் நிறுத்திட்டிய? பக்கம் முடிஞ்சிட்டா? பல்லவியை இன்னொரு தடவ எடுங்க. எனக்கு நாலாவது தெரியும், ஆனா நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

பல்லவி முடிஞ்சிட்டு. பேசாதிய. கொஞ்சம் பேசாம இருங்க.

கேக்குதா?

"இடமில்லை என்றேனே இரவினிலே – இன்று
எழுந்தோடித் தேடுகிறேன் தெருவினிலே…"

எழுதுங்க உபதேசியாரே. என் முகத்தைப் பாத்துட்டு இருக்காதிய, பேனாவை எடுங்க. அவுக சொல்லுதாவ, நீங்க எழுதுங்க.